வலையமைப்புகள் எப்படி வளர்கின்றன, எதனால் நிலைக்கின்றன

ஒரு காட்டின் உணவு வலை, மூளையின் நரம்பணுக்கள், ஒரு கண்டம் முழுவதும் பரவிய மின்தொகுப்பு, உயிரணுவுக்குள் ஒன்றோடொன்று வினைபுரியும் புரதங்கள், இணையம் ஆகியவை தம்முள் எந்த ஒப்புமையும் இல்லாதவை போலத் தோன்றும். ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இவற்றில் எதையும் யாரும் முழுமையாக வரைந்து வைத்துக்கொண்டு கட்டவில்லை. மின்தொகுப்பின் ஒவ்வொரு பகுதியையும் பொறியாளர்கள் கவனமாகத் திட்டமிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இன்று நாம் காணும் முழு அமைப்பு, பல பத்தாண்டுகளாக அங்கொரு கம்பியும் இங்கொரு நிலையமுமாகச் சேர்ந்து உருவானது. அப்படி உருவானவை பெரும்பாலான நாட்களில் எண்ணற்ற சிறு பழுதுகளைத் தாங்கிக்கொண்டு இயங்குகின்றன. மிக அரிதாக, அற்பமான ஒரு காரணத்தால் சில நிமிடங்களில் சரிந்தும் விடுகின்றன. ஒரு வலையமைப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதே அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் பெருமளவு முடிவுசெய்கிறது. இந்தக் கட்டுரை விளக்க முற்படுவது அதைத்தான்.

முதலில் சில சொற்கள். வலையமைப்பில் உள்ள பொருள் ஒவ்வொன்றையும் கணு என்றும், இரு கணுக்களுக்கு இடையிலான தொடர்பை இணைப்பு என்றும், ஒரு கணுவுக்கு எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அதன் இணைப்பெண் என்றும் அழைப்போம். கணு என்பது விலங்கினமாகவோ மனிதராகவோ மின்நிலையமாகவோ இருக்கலாம். இணைப்பு என்பது உண்ணும் உறவாகவோ நட்பாகவோ கம்பியாகவோ இருக்கலாம். 1736ஆம் ஆண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர், கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே கடந்து நடந்து முடிக்க இயலாது என்று நிறுவினார். அப்போது அவர் தெருக்களின் நீளத்தையும் வளைவையும் ஒதுக்கிவிட்டு, எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை மட்டுமே கணக்கில் கொண்டார். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு துணிவின் மேல்தான் நிற்கிறது.

தற்செயலாக இணைத்தால் என்ன ஆகும்?

மிக எளிய வளர்ச்சி முறையிலிருந்து தொடங்கலாம். 1000 கணுக்களை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டாகத் தேர்ந்து இணைத்துக்கொண்டே போவதாகக் கொள்வோம். பால் எர்டோஷும் ஆல்ஃபிரெட் ரேன்யியும் 1959, 1960ஆம் ஆண்டுகளில் இந்தச் செயலைக் கணித முறையில் ஆராய்ந்தனர். இணைப்புகள் கூடக் கூட வலையமைப்பும் சீராகப் பெரிதாகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடப்பதோ வேறு. 400 இணைப்புகள் வரை சிறு சிறு துண்டுகள் மட்டுமே இருக்கும். 500 இணைப்புகளில், அதாவது ஒரு கணுவுக்குச் சராசரியாக ஓர் இணைப்பு என்ற நிலையில், திருப்பம் நிகழ்கிறது. அதைத் தாண்டியதும் ஒரு பெருந்துண்டு எழுந்து மற்றவற்றை விழுங்கத் தொடங்குகிறது. 600 இணைப்புகளில் ஏறக்குறைய 31 விழுக்காட்டுக் கணுக்களும், 1000 இணைப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக் கணுக்களும் அந்த ஒரே துண்டில் அடங்கிவிடுகின்றன.

இதிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியது ஒன்று உண்டு. வலையமைப்பின் மாற்றங்கள் படிப்படியாக வருவதில்லை. ஓர் எல்லைவரை ஒன்றுமே நிகழாதது போலிருந்து, எல்லையைக் கடந்ததும் முழு அமைப்பின் தன்மையும் மாறுகிறது. இணையும்போது மட்டுமன்றி, பிரியும்போதும் இதே நிலைதான். சராசரியாக 4 இணைப்புகள் கொண்ட ஒரு தற்செயல் வலையமைப்பில் கணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், நான்கில் மூன்று பங்கு போன பிறகு எஞ்சியவற்றின் சராசரி 1 ஆகிவிடும். அந்த இடத்தில் பெருந்துண்டு சிதறிப் போகும். அதற்குச் சற்று முன்புவரை, நொய்ந்து போயிருந்தாலும், அது ஒரே வலையமைப்பாகவே இருக்கும்.

உலகில் உள்ள வலையமைப்புகள் தற்செயலானவை அல்ல என்பதற்கு முதல் அடையாளம் அவற்றின் கொத்துகள். என் நண்பர்கள் இருவரை எடுத்துக்கொண்டால், அவர்களும் ஒருவருக்கொருவர் நண்பராக இருக்கும் வாய்ப்பு, ஏதோ இரு மனிதர்கள் நண்பராக இருக்கும் வாய்ப்பைக் காட்டிலும் மிக அதிகம். 1998ஆம் ஆண்டில் டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் ஒரு கேள்வியை எழுப்பினர்: அக்கம்பக்கத்தோடு மட்டும் நெருங்கிப் பழகும் கணுக்களைக் கொண்ட வலையமைப்பில், எங்கோ இருக்கும் ஒரு கணுவை எட்ட ஏன் சில படிகளே போதுமாக இருக்கின்றன? வட்டமாக அமைந்த 1000 கணுக்கள் ஒவ்வொன்றும் தனக்கு அருகில் உள்ள 10 கணுக்களோடு இணைந்திருந்தால், ஏதேனும் இரண்டுக்கு இடையே சராசரியாக 50 படிகள் உள்ளன. அதில் உள்ள 5000 இணைப்புகளில் வெறும் 50 இணைப்புகளின் ஒரு முனையை எடுத்து வட்டத்தின் வேறெங்கோ மாட்டிவிட்டால், படிகளின் எண்ணிக்கை பன்மடங்கு சுருங்குகிறது; கொத்துகளோ ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. வட்டத்திலுள்ள எந்த ஒரு கணுவும் தன் சுற்றுப்புறத்தில் இந்த மாற்றத்தை உணர முடியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 302 நரம்பணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு நூற்புழுவின் நரம்பு மண்டலத்தை அவர்கள் சோதித்தபோது, படிகளின் சராசரி 2.65ஆக இருந்தது, தற்செயல் வலையமைப்பில் எதிர்பார்க்கத்தக்க 2.25க்கு அது மிக அருகில். ஆனால் கொத்தாகும் அளவோ, அதாவது ஒரு கணுவோடு இணைந்த இரு கணுக்கள் தமக்குள்ளும் இணைந்திருக்கும் வாய்ப்போ, 0.28, தற்செயலில் அது 0.05 மட்டுமே.

செழித்தது மேலும் செழிக்கும் வளர்ச்சி

மேற்சொன்ன இரு முறைகளிலும் கணுக்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே இருந்துவிடுகின்றன. உண்மையில் வலையமைப்புகள் பிறந்து வளர்கின்றன. 1999ஆம் ஆண்டில் ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் இதை மையப்படுத்தி ஒரு எளிய மாதிரியை முன்வைத்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய கணு வருகிறது. அது ஏற்கெனவே அதிக இணைப்புகள் உள்ள கணுவோடு இணைவதற்கான வாய்ப்பு, அந்த இணைப்பெண்ணின் அளவுக்கேற்ப அதிகம். இவ்வளவுதான் விதி. இதே கருத்தை அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள்களை வைத்து டெரெக் டி சோலா பிரைஸ் 1976ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சொல்வது நியாயம்.

இந்த விதியில் வளர்ந்த வலையமைப்பு தற்செயல் வலையமைப்பிலிருந்து அடியோடு வேறுபடுகிறது. தற்செயல் வலையமைப்பில் பெரும்பாலான கணுக்களின் இணைப்பெண் சராசரியை ஒட்டியே இருக்கும். இங்கோ இணைப்பெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அத்தனை இணைப்புள்ள கணுக்களின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது: 10 இணைப்புகள் உள்ள கணுக்கள் 1000 என்றால், 20 உள்ளவை 125, 40 உள்ளவை ஏறக்குறைய 16. குறைகிறது என்றாலும் இந்தக் குறைவு மெதுவானது. ஆகவே சராசரியைப் போல நூறு மடங்கு இணைப்பு கொண்ட மையக் கணுக்களும் பெரிய வலையமைப்புகளில் தவறாமல் தோன்றுகின்றன. மேலும், ஒரு கணுவின் இணைப்பெண் அதன் வயதைப் பொறுத்தது. வலையமைப்பில் 100ஆவதாகச் சேர்ந்த கணு, மொத்தக் கணுக்கள் 10,000 ஆகும்போது, தான் சேர்ந்தபோது இருந்ததைப் போலச் சராசரியாக 10 மடங்கு இணைப்புகளைப் பெற்றிருக்கும்.

புதிதாக வரும் கணுவுக்கு யாருக்கு எத்தனை இணைப்புகள் என்று எப்படித் தெரியும்? தொடக்கநிலை வாசகர் கேட்க வேண்டிய கேள்வி இது. அதற்கான பதில்தான் இந்தத் துறையின் மிக அழகான பகுதி என்று நான் கருதுகிறேன். தெரிய வேண்டியதே இல்லை. ஒரு கணுவைக் கண்ணை மூடித் தேர்ந்தால் எல்லாக் கணுக்களுக்கும் சம வாய்ப்பு. ஆனால் ஓர் இணைப்பைக் கண்ணை மூடித் தேர்ந்து, அதன் ஒரு முனையில் இருக்கும் கணுவைப் பற்றினால், 50 இணைப்புள்ள கணு அகப்படும் வாய்ப்பு ஓர் இணைப்புள்ள கணுவுக்கு இருப்பதைப் போல 50 மடங்கு. ஏனெனில் அது 50 இணைப்புகளின் முனையில் காத்திருக்கிறது. ஆகவே ஏற்கெனவே உள்ள இணைப்புகளின் வழியே நடந்து செல்லும் எந்த வளர்ச்சியும், யாரும் எண்ணிப் பார்க்காமலேயே, செழித்ததை மேலும் செழிக்க வைக்கும். ஒரு கட்டுரையைப் படித்து, அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து அடுத்த கட்டுரையைத் தேர்ந்து, அதையே தானும் மேற்கோள் காட்டும் ஆய்வாளர் இதைத்தான் செய்கிறார். நண்பர் ஒருவர் வழியாக மற்றொருவரை அறிமுகம் செய்துகொள்பவரும் இதையே செய்கிறார்.

உயிரணுவுக்குள்ளும் இதே செயல் நடக்கிறது. மரபணு ஒன்று சில சமயம் பிழையாக இருமுறை படியெடுக்கப்படுகிறது. அப்போது பழைய புரதத்தின் இணைகளோடெல்லாம் புதிய படியும் வினைபுரியத் தொடங்கும். காலப்போக்கில் சில இணைப்புகள் அறுந்துபோகும், சில நிலைக்கும். பல புரதங்களோடு இணைந்திருக்கும் ஒரு புரதத்தை எண்ணிப் பாருங்கள். அதன் இணைகளில் எந்த ஒன்றின் மரபணு இரட்டித்தாலும் அதற்கு ஓர் இணைப்பு கூடும். இணைகள் எத்தனை அதிகமோ அத்தனை அதிகம் அந்த வாய்ப்பு. புரத வலையமைப்பின் மையக் கணுக்கள் திட்டம் எதுவும் இன்றி, படியெடுக்கும் பிழைகளிலிருந்தே எழ முடியும் என்பது எண்ணும்தோறும் வியப்பளிக்கிறது.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. இந்த மாதிரி வெளிவந்த பின், எங்கும் இதையே காணும் ஆர்வம் மிகுந்தது. 2019ஆம் ஆண்டில் அன்னா பிராய்டோவும் ஆரன் கிளாசெட்டும் ஏறக்குறைய 1000 வலையமைப்புகளைக் கடுமையான புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்தியபோது, இத்தகைய இணைப்பெண் பரவலுக்கு மிக வலுவான சான்று 4 விழுக்காட்டில் மட்டுமே கிடைத்தது. இதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு மின்நிலையத்தில் ஆயிரம் கம்பிகளை மாட்ட முடியாது. ஒரு சாலைச் சந்திப்பில் நூறு சாலைகள் சேர இடமில்லை. நரம்பணுவுக்கும் இழை நீட்டச் செலவாகும் ஆற்றலில் வரம்புண்டு. இணைப்புக்கு விலை இருக்கும் இடங்களில் மையக் கணுக்கள் ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை. ஆயினும் இணைப்பெண்கள் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருப்பது பரவலான உண்மைதான். இனி வருவனவற்றுக்கு அந்த ஏற்றத்தாழ்வே போதும்.

நிலைத்தன்மையின் முகங்கள்

ஒரு வலையமைப்பு நிலையானது என்று சொல்லும்போது, எதைக் குறிக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சில கணுக்கள் மறைந்தாலும் எஞ்சியவை இணைந்தே இருக்கின்றனவா என்பது ஒன்று. ஒரு கணு சுமந்த பாரம் மற்றவற்றின் மேல் விழும்போது அவை தாங்குகின்றனவா என்பது மற்றொன்று. சிறு அதிர்ச்சிக்குப் பின் அமைப்பு தன் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பது இன்னொன்று. இவற்றில் ஒன்றில் தேறிய வலையமைப்பு மற்றொன்றில் தோற்கக்கூடும்.

முதல் வகையை ரேகா ஆல்பர்ட், ஹாவோங் ஜியோங், பராபாசி ஆகியோர் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். மையக் கணுக்கள் கொண்ட வலையமைப்பில் தற்செயலாகக் கணுக்களை நீக்கினால், அது வியக்கத்தக்க அளவு தாங்குகிறது. காரணம் எளிது: கண்ணை மூடி எடுத்தால் கையில் அகப்படுவது பெரும்பாலும் ஓரிரு இணைப்புகள் மட்டும் கொண்ட சிறு கணுவே, அது போனால் யாரும் பிரிவதில்லை. ஆனால் மிக அதிக இணைப்புள்ளவற்றைத் தேடித் தேடி நீக்கினால், சிறு பங்கு போவதற்குள் வலையமைப்பு துண்டு துண்டாகிறது. தற்செயல் வலையமைப்பில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. அங்கே தேடி நீக்குவதற்குத் தனிச்சிறப்பான கணு என்று எதுவும் பெரிதாக இல்லை. இங்கே வலிமையும் பலவீனமும் ஒரே வளர்ச்சியின் விளைவுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் களைய முடியாது.

ஈஸ்ட்டின் புரதங்களில் இதற்குச் சான்று கிடைத்தது. 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 5 அல்லது அதற்குக் குறைவான இணைப்புகள் கொண்ட புரதங்களில் ஏறக்குறைய 21 விழுக்காடு மட்டுமே உயிர்வாழ இன்றியமையாதவை. 15க்கு மேல் இணைப்புகள் கொண்டவற்றிலோ ஏறக்குறைய 62 விழுக்காடு அத்தகையவை. பிறழ்வுகள் தற்செயலாக நேரும் உலகில், பெரும்பாலான பிறழ்வுகள் விளிம்பில் உள்ள புரதங்களின் மேல் விழுவது உயிருக்கு ஒரு பாதுகாப்பு.

இரண்டாம் வகை வேறுபட்டது. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அதிகாலை 3 மணி அளவில், சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஒரு கம்பி மரத்தின் அருகே தாழ்ந்து மின்பொறி பறந்ததால் துண்டானது. மின்சாரம் நாம் விரும்பிய பாதையில் செல்வதில்லை. ஒரு பாதை அடைபட்டவுடன் எஞ்சிய பாதைகள் அனைத்திலும் அவற்றின் தடைக்கேற்பப் பிரிந்து பாய்கிறது. அருகிலிருந்த மற்றொரு கம்பி கூடுதல் பாரத்தைச் சுமந்து, சூடாகி, நீண்டு, தாழ்ந்து, ஏறக்குறைய 25 நிமிடங்களுக்குப் பின் அதுவும் மரத்தால் துண்டானது. அதன் பிறகு இத்தாலியைப் பிற நாடுகளோடு இணைத்திருந்த எஞ்சிய கம்பிகள் சில நொடிகளில் அடுத்தடுத்து விடுபட்டன. சார்டீனியாத் தீவைத் தவிர நாடு முழுவதும் இருண்டது. பாதிக்கப்பட்டோர் ஏறக்குறைய 5.6 கோடிப் பேர்.

எந்த ஓர் உறுப்பு பழுதானாலும் எஞ்சியவை தாங்க வேண்டும் என்பது மின்தொகுப்புகளின் அடிப்படை விதி. அந்த விதி ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பழுதுகளை மனத்தில் வைத்தது. தொடர் சரிவில் ஒரு பழுதே அடுத்த பழுதுக்குக் காரணமாகிறது. ஆகவே முதல் பழுதுக்குப் பின் பாரத்தைக் குறைத்து, மீண்டும் ஒரு பழுதைத் தாங்கும் நிலைக்கு விரைந்து திரும்பாவிட்டால், இரண்டாவது பழுது எதிர்பாராத ஒன்றல்ல, கிட்டத்தட்ட உறுதியான ஒன்று. இணைப்புகள் அறுந்ததால் அன்றி, எஞ்சிய இணைப்புகள் நன்றாக வேலை செய்ததாலேயே சரிவு பரவியது என்பதைக் கவனிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் செர்கெய் புல்டிரெவும் உடன் ஆய்வாளர்களும் இதே நிகழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மின்நிலையங்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் தகவல்தொடர்பு வலையமைப்பும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது சரிவு எவ்வளவு திடீரென நேரும் என்று காட்டினர். தனியே நின்றால் உறுதியான இரு வலையமைப்புகள், சார்ந்து நின்றால் நொய்ந்தவையாகலாம்.

ராபர்ட் மே எழுப்பிய புதிர்

மூன்றாம் வகையான நிலைத்தன்மைதான் மிக ஆழமான கேள்விகளை எழுப்பியது. 1950களில் சூழலியலாளர்கள் பலர், உயிரினங்களும் உறவுகளும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதியானது சூழல் என்று நம்பினர். பல உணவுகளை உண்ணும் விலங்கு ஓர் உணவு குறைந்தால் மற்றொன்றுக்கு மாறும் என்பது அந்த நம்பிக்கையின் அடிப்படை. 1972ஆம் ஆண்டில் ராபர்ட் மே ஒரு சிறு கட்டுரையில் இதைக் கணிதத்தால் அசைத்தார். ஒவ்வோர் இனமும் தனித்திருந்தால் அமைதி நிலைக்குத் தானே திரும்பும் என்று கொண்டு, அந்தத் திரும்பும் வேகத்தை 1 என வைத்துக்கொள்வோம். பின் இனங்களைத் தற்செயலான உறவுகளால் பிணைப்போம். உறவின் சராசரி வலிமையை ஓர் இனத்துக்குரிய இணைப்புகளின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் விடை 1க்குக் குறைவாக இருந்தால் அமைப்பு நிலையானது. அதைத் தாண்டினால் குலையும். ஓர் இனத்துக்கு 4 இணைப்புகள் என்றால் உறவின் வலிமை 0.5ஐத் தாண்டக் கூடாது. 16 என்றால் 0.25, 100 என்றால் 0.1. இணைப்புகள் பெருகப் பெருக, சிறு அதிர்ச்சியும் பல வழிகளில் சுற்றி வந்து தன்னையே பெருக்கிக்கொள்ளும் வாய்ப்பு பெருகுகிறது.

அப்படியானால் நூற்றுக்கணக்கான இனங்கள் வாழும் காடுகளும் பவளப்பாறைகளும் எப்படி நீடிக்கின்றன? மேயின் கணக்கில் பிழையில்லை. அவர் தற்செயலாகப் பிணைத்தார். இயற்கை அப்படிப் பிணைக்கவில்லை. இனி வரும் விளக்கம் முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதே.

ஒன்று, உறவுகளின் குறி. கொன்றுண்ணியும் இரையும் எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று பாதிக்கின்றன: இரை பெருகினால் கொன்றுண்ணி பெருகும், கொன்றுண்ணி பெருகினால் இரை குறையும். ஏற்றம் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. இரு இனங்கள் ஒன்றையொன்று வளர்த்தால் ஏற்றம் ஏற்றத்தையே ஊட்டும். 2012ஆம் ஆண்டில் ஸ்டெஃபானோ அலெசினாவும் சி டாங்கும் மேயின் கணக்கை இந்த வேறுபாட்டோடு மீண்டும் செய்து, உண்ணும் உறவுகள் நிறைந்த வலை, அதே அளவுள்ள தற்செயல் வலையைவிட உறுதியானது என்று நிறுவினர். மற்றொன்று, உறவுகளின் வலிமை எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்பது. உண்மையான உணவு வலைகளில் வலிமையான உறவுகள் சிலவே, பெரும்பாலானவை மெலிந்தவை. கெவின் மெக்கேனும் உடன் ஆய்வாளர்களும் 1998ஆம் ஆண்டில், மெலிந்த உறவுகள் வலிமையான உறவுகளின் ஊசலாட்டத்தைத் தணிக்கின்றன என்று காட்டினர். உயிரினங்கள் உறவுகளை மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. அரிதாகிவிட்ட இரையை விட்டு மலிந்த இரைக்குக் கொன்றுண்ணி நகர்வது, அரிதானதற்கு மீண்டும் பெருக அவகாசம் தருகிறது.

ஆனால் இந்தச் சாதகமான ஏற்பாட்டை யார் செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. ஒரு தீவிலோ ஏரியிலோ புதிய இனங்கள் காலந்தோறும் வந்து சேர்கின்றன. சில அங்கே ஊன்ற முடியாமல் போகின்றன. சில ஊன்றி, முன்பிருந்த சிலவற்றை அழிக்கின்றன. குலையும் ஏற்பாடு குலைந்து மறைகிறது. குலையாதது எஞ்சி, அடுத்த வருகையை எதிர்கொள்கிறது. நீண்ட காலத்துக்குப் பின் நாம் சென்று ஆராயும் உணவு வலை, இப்படி மீண்டும் மீண்டும் சலிக்கப்பட்டு எஞ்சிய ஒன்று. வளரும் மூளையிலும் இதற்கு நிகரானது நடக்கிறது: குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மிகுதியாக நரம்பிணைப்புகள் உருவாகி, பின்னர் பயன்படாதவை பெருமளவில் நீக்கப்படுகின்றன. வளர்ச்சி என்றாலே சேர்தல் என்று எண்ணும் பழக்கம் நமக்கு இருக்கிறது. நிலைத்தன்மையைப் பொறுத்தவரை இழந்தவையே அதிகம் பேசுகின்றன என்பது என் கருத்து.

இதன் மறுபக்கமும் உண்டு. சலித்தல் பழக்கப்பட்ட அதிர்ச்சிகளுக்கு எதிராக மட்டுமே காக்கும். முன்பு ஒருபோதும் நேராத இழப்பை அந்த வலையமைப்பு சந்தித்ததே இல்லை. ராபர்ட் பெயின் 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில், மக்கா விரிகுடாவின் பாறைகளிலிருந்து ஒரு வகை நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றத் தொடங்கினார். அங்கே 15 இனங்கள் இருந்தன; சில ஆண்டுகளில் 8ஆகக் குறைந்தன. நட்சத்திர மீன் அந்த எல்லா இனங்களோடும் நேரடியாக உறவு கொண்டதல்ல. பாறையில் இடம்பிடிக்கும் போட்டியில் மற்ற எல்லாவற்றையும் வெல்லக்கூடிய மட்டிகளை அது உண்டு அடக்கி வைத்திருந்தது. அது போனதும் மட்டிகள் பாறையை மூடிக்கொண்டன. இத்தகைய ஆதார இனங்களை இணைப்பெண்ணை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. எந்த இணைப்பு எதை அடக்குகிறது என்று தெரிய வேண்டும்.

பிரிந்து நிற்பதன் பயன்

பரவும் சரிவுகளைக் கட்டுப்படுத்த இயற்கையும் பொறியியலும் பொதுவாகக் கைக்கொள்ளும் வழி, வலையமைப்பை உள்ளே நெருக்கமும் வெளியே தளர்வுமான பகுதிகளாக வைத்திருப்பது. ஹெர்பர்ட் சைமன் 1962ஆம் ஆண்டில், சிக்கலான அமைப்புகள் இத்தகைய பகுதிகளாக அமைவதற்கு ஒரு காரணம் சொன்னார்: தனித்தனியே நிலைத்து நிற்கக்கூடிய இடைநிலைப் பகுதிகள் இருந்தால்தான், பாதியில் இடையூறு வந்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஆகவே காலப்போக்கில் அப்படி அமைந்தவையே உருவாகி முடிகின்றன. மின்தொகுப்புகளில் ஆபத்து நேரத்தில் சில பகுதிகளைத் தீவுகளாகத் துண்டித்துக் காக்கும் ஏற்பாடும் இந்த அடிப்படையிலானதே.

இதற்கு விலையும் உண்டு. தளர்வாக இணைந்த பகுதிகள் ஒன்றுக்கொன்று உதவவும் முடியாது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து நெருங்கிப் பிணைந்திருந்தால் ஒன்றின் சிறு நட்டம் பலரிடையே பங்கிடப்பட்டு மறைகிறது. நட்டம் ஓர் அளவைத் தாண்டினால் அதே பிணைப்புகள் வழியே அது எல்லோரையும் எட்டுகிறது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்த பின் உலகம் கண்டது இதைத்தான். சிறு அதிர்ச்சிக்கு நெருக்கம் நல்லது, பெரும் அதிர்ச்சிக்குத் தளர்வு நல்லது. எல்லா அளவு அதிர்ச்சிக்கும் உகந்த ஒரே அமைப்பு இல்லை.

எல்லையை நெருங்குவதை முன்கூட்டி அறிய முடியுமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. ஓர் அமைப்பு நிலைகுலையும் எல்லையை நெருங்கும்போது, சிறு அதிர்ச்சியிலிருந்து அது மீளும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. மேயின் கணக்கில் விடை 1ஐ நெருங்குவதும் இதையே குறிக்கிறது. மீள்வது தாமதமானால் இன்றைய நிலை நேற்றைய நிலையை மேலும் ஒத்திருக்கும், ஏற்ற இறக்கங்களும் பெரிதாகும். ஸ்டீபன் கார்ப்பென்டரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியில் கொன்றுண்ணி மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து உணவு வலையை வேண்டுமென்றே மாற்றினர். மாற்றம் முழுமையடைவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே இந்த அறிகுறிகள் தென்பட்டதாக 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். எல்லாச் சரிவுகளும் இப்படி முன்னறிவிப்பதில்லை. இத்தாலியின் மின்தொகுப்பு போல வெளியிலிருந்து ஓர் அடியில் எல்லை தாண்டப்படும்போது அதற்கு நேரமே இல்லை.

வளர்ச்சி முறையை அறிந்தால் பாதுகாப்பையும் திட்டமிடலாம் என்பதற்கு நோய்த்தடுப்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தடுப்பூசி குறைவாக இருக்கும்போது மிக அதிகத் தொடர்புள்ளவர்களுக்குப் போடுவதே சிறந்தது. ஆனால் ஒரு நகரத்தில் யாருக்கு எத்தனை தொடர்புகள் என்ற வரைபடம் யாரிடமும் இல்லை. 2003ஆம் ஆண்டில் ரூவன் கோஹென், ஷ்லோமோ ஹாவ்லின், டேனியல் பென்-ஆவ்ரஹாம் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். மக்களில் சிலரைத் தற்செயலாகத் தேர்ந்து, அவர்களுக்குப் போடாமல், ஒவ்வொருவரையும் தமக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்லச் செய்து, அப்படிச் சொல்லப்பட்டவருக்குப் போட வேண்டும். ஓர் இணைப்பின் வழியே சென்றால் அதிகத் தொடர்புள்ளவரே அதிகம் அகப்படுவார் என்பதால், வரைபடம் இல்லாமலேயே தடுப்பூசி மையக் கணுக்களைச் சென்று சேர்கிறது. தொடர்புகள் ஏற்றத்தாழ்வாக உள்ள வலையமைப்புகளில், கண்ணை மூடித் தேர்ந்து போடுவதைவிட மிகக் குறைந்த பேருக்குப் போட்டே தொற்றை நிறுத்த இது போதுமானது என்று அவர்களின் கணக்கு காட்டியது.